கோட்டைக்குள் ஓர் ஊர்த் தேவாலயம்: இங்கிலாந்தின் இடைக்காலக் கட்டட மரபும் சோழமண்டலக் கடற்கரையும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் 1680ஆம் ஆண்டு அர்ப்பணிக்கப்பட்ட புனித மரியாள் ஆலயம், கீழைநாடுகளின் முதல் ஆங்கிலத் திருச்சபைக் கட்டடங்களுள் ஒன்று என்ற சிறப்பால் மட்டுமே பெரிதும் பேசப்பட்டு வருகிறது. அதன் அமைப்பு, இங்கிலாந்தின் இடைக்கால ஊர்த் தேவாலய மரபிலிருந்து எவற்றை ஏற்றது, எவற்றைக் கைவிட்டது, சோழமண்டலக் கடற்கரையின் போர்ச்சூழல் அதில் எவற்றைச் சேர்த்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கடலூர், சிதம்பரம் பகுதிகளின் சமகால நிகழ்வுகள் ஒப்புநோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஊர்த் தேவாலயம், புனித மரியாள் ஆலயம், தேவனாம்பட்டினம், கடலூர், வளைகூரை, பதிவேடு, கல்லறைக் கற்கள்

முன்னுரை

1690ஆம் ஆண்டு, செஞ்சியிலிருந்த மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த எல்லைக்குட்பட்ட நிலமும் அவ்விற்பனையில் அடங்கும். அவ்வூர்கள் குண்டு கிராமங்கள் எனப் பெயர் பெற்றன. கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் சூட்டப்பட்டது. அதன் அருகிலுள்ள மஞ்சக்குப்பத்தில் ஆளுநரின் தோட்ட மாளிகை அமைந்தது. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியபோது, கம்பெனியின் சோழமண்டலத் தலைமையிடம் இங்கு மாறி 1752 வரை இங்கேயே நிலைத்தது. ஆறாண்டுக் காலம் தென்னிந்திய ஆங்கிலேய நிர்வாகத்தின் மையமாயிருந்த அக்கோட்டை 1758ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் வீழ்ந்து இடிக்கப்பட்டது. கெடிலத்தின் கரையில் இன்று எஞ்சியிருப்பவை சிதைவுகளே.

ஆகவே, தொடக்கக் காலக் கம்பெனிக் குடியிருப்பின் வழிபாட்டுக் கட்டடம் எவ்வாறிருந்தது என்பதை அறிய விரும்பும் ஆய்வாளர், கடலூரிலிருந்து வடக்கே சென்னைக்குத்தான் செல்ல வேண்டியுள்ளது. அங்கு முழுமையாக நிற்பது புனித மரியாள் ஆலயம். இதனைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு வகையினர். ஒரு சாரார் இதனை இங்கிலாந்துக் கோயிலின் நகலாகக் காண்கின்றனர். மற்றொரு சாரார் அங்கு மணந்தோர், புதையுண்டோர் ஆகிய பெருமக்களின் பட்டியலோடு நின்றுவிடுகின்றனர். கட்டடத்தையே சான்றாகக் கொண்டு வாசிக்கும் முயற்சி தமிழில் அருகியே உள்ளது. அம்முயற்சிக்கு முதற்படி, நகல் எனப்படுவதன் மூலம் எத்தகையது என்று காண்பதாகும்.

இங்கிலாந்தின் ஊர்த் தேவாலயம்

இடைக்கால இங்கிலாந்தின் ஊர்த் தேவாலயம் ஒரே காலத்தில், ஒரே வரைபடத்தின்படி எழுந்த கட்டடமன்று. டர்ஹம் பகுதியிலுள்ள எஸ்கம் தேவாலயம் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் சுவர்களில் கைவிடப்பட்ட உரோமானியக் கட்டடங்களின் கற்கள் உள்ளன. ஹெரஃபோர்டுப் பகுதியின் கில்பெக் தேவாலயம் பன்னிரண்டாம் நூற்றாண்டின் நார்மன் சிற்ப வேலைப்பாட்டுக்குப் பெயர் பெற்றது. இவை போன்று ஒரு காலத்தின் முத்திரையோடு நிற்பவை அரியன. பெரும்பாலானவற்றில் நார்மன் வாயில், பதின்மூன்றாம் நூற்றாண்டின் கூர்வளைவுச் சன்னல், பதினைந்தாம் நூற்றாண்டின் கோபுரம் ஆகியவை ஒரே சுவரில் அடுத்தடுத்துக் காணப்படும். இக்காலப் பாணிகளை வேறுபடுத்தி, இன்றும் வழங்கும் பெயர்களை 1817இல் வெளியிட்ட தம் நூலில் நிலைநிறுத்தியவர் தாமஸ் ரிக்மன். அவ்வகைப்பாடு பயனுள்ளது. எனினும் அது கட்டடத்தைச் சன்னல்களின் வரிசையாகக் காணும் பழக்கத்தையும் வளர்த்துவிட்டது.

பாணியினும் அடிப்படையானது இடப்பகுப்பு. கிழக்கு மேற்காக நீளும் கட்டடத்தின் மேற்குப் பகுதி மக்கள் கூடும் நடுக்கூடம். கிழக்குப் பகுதி திருப்பீடம் அமைந்த பீடக்கூடம். இரண்டுக்கும் இடையே ஒரு வளைவும், அதன் கீழ் மரத்தாலான சிலுவைத் திரையும் இருக்கும். ஞானஸ்நானத் தொட்டி வாயிலுக்கருகே இருக்கும். திருச்சபைக்குள் நுழைவதும் கட்டடத்திற்குள் நுழைவதும் ஒன்றாக உணரப்பட்டமையே அதற்குக் காரணம். தமிழ்நாட்டுக் கோயிலின் மண்டபத்தையும் கருவறையையும் இங்கு நினைவுகூர்வது இயல்பு. ஆயினும் அவ்வொப்புமையை எல்லையோடுதான் கொள்ள வேண்டும். பீடக்கூடம் இறையுருவின் உறைவிடமன்று. சடங்கு நிகழும் இடமே. நெருங்க நெருங்க அனுமதி குறுகும் படிநிலை மட்டுமே இரண்டுக்கும் பொது.

இப்பகுப்பு பொருளாதாரப் பகுப்பும் ஆகும். பதின்மூன்றாம் நூற்றாண்டளவில், பீடக்கூடத்தைப் பேணுவது பங்குக் குருவின் கடமை, நடுக்கூடத்தைப் பேணுவது ஊராரின் கடமை என்ற வழக்கம் நிலைபெற்றது. எளிய பீடக்கூடமும் அதனை விஞ்சிய அகன்ற நடுக்கூடமும் கொண்ட தேவாலயங்கள் பலவற்றிற்கு இதுவே விளக்கம். ஊரார் தங்கள் பகுதியைக் கட்டினர், பக்கக்கூடங்களைச் சேர்த்தனர், கோபுரத்தை உயர்த்தினர். வரவு செலவைக் கவனிக்க ஊராரிடையிலிருந்தே ஆலயக் கண்காணிப்பாளர் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

ஊரின் ஏற்றத்தாழ்வு கட்டடத்தில் பதிந்ததற்கு யார்க்‌ஷயரின் வாரம் பெர்சி தெளிவான சான்று. மக்கள் நீங்கிப் பாழடைந்த அவ்வூரில் 1950 முதல் 1990 வரை நாற்பதாண்டுகள் அகழாய்வு நடைபெற்றது. அங்குள்ள புனித மார்ட்டின் தேவாலயம் சிறு கட்டடமாகத் தொடங்கி, மக்கள்தொகை பெருகியபோது பக்கக்கூடங்களைப் பெற்று, பின்னர் ஊர் சுருங்கியபோது அவற்றை இழந்தது. பக்கக்கூடத்திற்குத் திறந்திருந்த வளைவுகள் அடைக்கப்பட்டதை இன்றும் சுவரில் காணலாம். 1348–49ஆம் ஆண்டுகளின் பெருங்கொள்ளைநோயும், பின்னர் விளைநிலம் ஆட்டு மேய்ச்சல் நிலமாக மாறியதும் அச்சுருக்கத்தின் பின்னணியில் உள்ளன.

சமயச் சீர்திருத்தமும் கைமாறிய கட்டடங்களும்

பதினாறாம் நூற்றாண்டில் இத்தேவாலயங்கள் இடிக்கப்படவில்லை; உள்ளே மாற்றப்பட்டன. சுவரோவியங்கள் வெள்ளையடித்து மறைக்கப்பட்டன. சுரூபங்கள் அகற்றப்பட்டன. கல்லாலான திருப்பீடத்திற்குப் பதிலாக மர மேசை வந்தது. சிலுவை நின்ற இடத்தில் அரசச் சின்னம் ஏறியது. சஃபோக்கிலுள்ள வென்ஹஸ்டன் தேவாலயத்தில் இறுதித் தீர்ப்புக் காட்சி தீட்டிய பலகைகள் வெள்ளையடிக்கப்பட்டுக் கிடந்தன. 1892இல் பழுதுபார்ப்பின்போது அவை பயனற்றவை எனக் கருதப்பட்டு வெளியே போடப்பட்டன. இரவில் பெய்த மழை வெள்ளையைக் கழுவ, ஓவியம் வெளிப்பட்டது.

ஆணைகள் அரசவையில் பிறந்தாலும் அவற்றின் சுமையை ஏற்றவர்கள் ஊரார். டெவன் பகுதியிலுள்ள மோர்பாத் என்ற சிற்றூரின் பங்குக் குரு கிறிஸ்டோபர் ட்ரிக்கி 1520 முதல் 1574 வரை எழுதிவைத்த ஆலயக் கணக்குகளை ஈமன் டஃபி 2001இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். திருவுடைகளையும் பொருள்களையும் ஊரார் தம் வீடுகளில் வைத்துக் காத்ததும், ஆட்சி மாறியபோது அவை கோயிலுக்குத் திரும்பியதும் அக்கணக்குகளால் தெரியவருகின்றன. வழிபாட்டு முறை மாறியபோதும் கட்டடத்தைப் பேணும் பொறுப்பும், அதைக் கணக்கெழுதும் வழக்கமும் தொடர்ந்தன என்பது கருதத்தக்கது. 1538இல் தாமஸ் கிராம்வெல் பிறப்பித்த ஆணையால் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்குப் பதிவேடு வைப்பதும் ஒவ்வொரு பங்கின் கடமையாயிற்று.

தமிழகத்தில் ஊர்ச்சபையின் முடிவும் நிலவிற்பனையும் அறக்கொடையும் கோயிற்சுவரில் கல்வெட்டாயின. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரத்தின் கல்வெட்டு, வீரநாராயணச் சதுர்வேதிமங்கலச் சபையார்வழி நிகழ்ந்த நில நடவடிக்கைகளைப் பதிந்திருப்பது அனைவரும் அறிந்ததே. இங்கிலாந்து ஊர்த் தேவாலயத்தில் அப்பணியைச் செய்தவை பெட்டியில் பூட்டிவைத்த தாளும் தோலும். எனவே அங்கு கட்டடத்தையும் ஏட்டையும் இணைத்தே வாசிக்க வேண்டியுள்ளது. புனித மரியாள் ஆலயத்திற்கும் இவ்விதி பொருந்தும்.

1678–1680: புனித மரியாள் ஆலயம்

சென்னைக் கோட்டையில் தொடக்கத்தில் வழிபாடு கம்பெனியின் பண்டகசாலை மாளிகையிலேயே நடந்தது. ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் ஆளுநரானதும் குடியிருப்பினரிடம் நன்கொடை திரட்டப்பட்டது. 1678ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், கன்னி மரியாளுக்குரிய திருநாளில், பணி தொடங்கியது. ஆலயத்தின் பெயருக்கும் அந்நாளே காரணம். 1680 அக்டோபர் 28ஆம் நாள் இலண்டன் பேராயரின் அதிகாரத்தின்பேரில் குரு ரிச்சர்டு போர்ட்மன் அதனை அர்ப்பணித்தார். கம்பெனியின் இயக்குநர்கள் முன்னின்று கட்டியதன்று இவ்வாலயம். இடைக்கால ஊராரைப் போலவே குடியிருப்பினர் தம் பணத்தில் கட்டிக்கொண்டனர். வராகன் கணக்கில் கட்டினர் என்பதே வேறுபாடு.

வடிவமைத்தவர் கோட்டையின் பீரங்கிப் படைத் தலைவர் எட்வர்டு ஃபௌல் எனக் கருதப்படுகிறது. ஒரு பீரங்கிப் படையினர் கோயில் கட்டினார் என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் கட்டடத்தின் ஒவ்வோர் உறுப்பும் அதனை உறுதிசெய்கிறது.

ஆலயம் நடுக்கூடமும் இருபுறப் பக்கக்கூடங்களும் கொண்டது. இப்பகுப்பு இங்கிலாந்தின் ஊர் மரபு. எனினும் இங்கிலாந்தில் நடுக்கூடத்தின் மேல் அமைவது பெரும்பாலும் மரக்கூரை. சென்னையிலோ, மரத்திற்கு இடமில்லை. மூன்று கூடங்களின் மீதும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட மூன்று வளைகூரைகள் நீளவாக்கில் செல்கின்றன. கூரையின் தடிப்பு ஏறத்தாழ 2 அடி. புறச்சுவர்களின் தடிப்பு ஏறத்தாழ 4 அடி. கதவு, சன்னல் தவிரக் கட்டுமானத்தில் மரம் இல்லை. மேலிருந்து விழும் குண்டைத் தாங்குவதே இதன் முதல் நோக்கம். நெருப்பும் கறையானும் அதனால் விலகின.

இவ்வமைப்பின் இயக்கத்தைச் சற்று விரித்துக் காண்பது தகும். வளைகூரை தன் எடையைக் கீழ்நோக்கி மட்டும் செலுத்துவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. ஒற்றை வளைகூரையாயின் அத்தள்ளுதலைத் தாங்க இருபுறமும் மிகப் பருத்த சுவரோ வெளியே முட்டுச்சுவர்களோ வேண்டும். மூன்று கூரைகளை இணையாக வைக்கும்போது, நடுக்கூரையின் தள்ளுதலைப் பக்கக் கூரைகள் எதிர்த்தள்ளி ஈடுசெய்கின்றன. ஆகவே உள்ளே இருக்கும் தூண் வரிசைகள் பெரும்பாலும் எடையை மட்டுமே தாங்குகின்றன. பருமன் குறைந்தாலும் போதும். எஞ்சிய தள்ளுதல் புறச்சுவருக்குச் செல்கிறது. அச்சுவர் பருத்திருப்பதற்குக் குண்டின் அச்சம் மட்டுமன்றி இதுவும் காரணம். இடைக்கால ஊர்த் தேவாலயத்தில் பக்கக்கூடம் எழுந்தது கூட்டம் பெருகியதால். இங்கு அதே பக்கக்கூடம் நடுக்கூரையை நிறுத்தும் கருவியும் ஆகிறது. பழைய உறுப்பு புதிய வேலையை ஏற்றது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இக்கட்டடத்தில் இல்லை.

செங்கல், சிப்பிச் சுண்ணாம்பு, அதனைப் பளிங்குபோல் மெருகேற்றும் பூச்சு ஆகியவை சோழமண்டலக் கடற்கரையின் கைத்திறன். கட்டடத்தின் வரைவு ஆங்கிலேயருடையது எனினும், அதனை நிற்கச் செய்த பொருளறிவு இம்மண்ணைச் சார்ந்தது. ஞானஸ்நானத் தொட்டியும் பல்லாவரத்துக் கருங்கல்லாலானது. அவ்வினக் கல்லுக்குப் பிற்காலப் புவியியலார் ‘சார்னக்கைட்’ எனப் பெயரிட்டனர். கொல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் அவ்வினத்தைச் சேர்ந்ததால் அப்பெயர் வந்தது. அதே சார்னக்கின் மகள்கள் மூவர் 1689இல் ஞானஸ்நானம் பெற்றதும் இவ்வாலயத்தில்தான்.

கைவிடப்பட்டவை எவை? நீண்ட பீடக்கூடம் இல்லை. சிலுவைத் திரை இல்லை. சீர்திருத்தத்திற்குப் பின் வழிபாடு காண்பதினும் கேட்பதையே முதன்மையாகக் கொண்டது. 1666ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பின் இலண்டனில் கிறிஸ்டோபர் ரென் எழுப்பிய தேவாலயங்களும் இதே பதின்மங்களில், இதே தேவையை முன்னிட்டு அமைந்தவை. புனித மரியாள் ஆலயத்தின் அகன்று குறுகிய உள்வெளி அவற்றின் சமகாலத்தது, இடைக்காலத்தது அன்று. மேற்கில் கோபுரம் என்ற ஊர் மரபு மட்டும் விடாது தொடர்ந்தது. ஆயினும் அது 1680இல் இல்லை. 1701இல் கோபுரம் எழுந்து, 1710இல் கூம்பு சேர்ந்து, அந்நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் திருத்தப்பட்டது. இன்று புகைப்படங்களில் ஆலயத்தின் அடையாளமாக நிற்கும் கூம்பைக் கொண்டு 1680ஆம் ஆண்டின் கட்டடத்தை விவரிப்பது பொருந்தாது. வாரம் பெர்சியைப் போல இதுவும் பல காலங்களின் தொகுப்பே.

அருகிலிருந்த மற்றொரு முயற்சியோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு விளங்கும். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1718இல் அர்ப்பணித்த புதிய எருசலேம் ஆலயம் சிலுவை வடிவத் தரைப்படம் உடையது. அது தமிழ்ச் சபைக்காக எழுந்தது. சென்னை ஆலயம் கோட்டைக்குள் வாழ்ந்த ஆங்கிலேயருக்காக எழுந்தது.

காப்பிடமாகிய வழிபாட்டிடம்

குண்டு துளைக்காத கோயில் என்ற கருத்து சோழமண்டலத்தில் பிறந்த புதுமை எனக் கருதுவோர் உளர். அது முழுவதும் சரியன்று. இங்கிலாந்தின் வட எல்லையில் ஸ்காட்லாந்துப் படையெடுப்புகளுக்கு அஞ்சிய ஊரார், பதினான்காம் நூற்றாண்டிலேயே தேவாலயக் கோபுரங்களை அரண்களாகக் கட்டினர். கம்பிரியாப் பகுதியின் நியூட்டன் ஆர்லோஷ், பர்க் பை சாண்ட்ஸ் ஆகியவை அத்தகையவை. பின்னதன் கோபுரத்திற்குக் கோயிலுக்குள்ளிருந்தே வழி. அவ்வழியை இரும்புக் கிராதிக் கதவு காத்தது. ஊராரும் கால்நடைகளும் ஒதுங்க வேண்டிய இடம் ஊரின் ஒரே கல்கட்டடமாகிய தேவாலயமே.

அதே தேவை தமிழகக் கோயில்களையும் விடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கருநாடகப் போர்களில் சிதம்பரம் நடராசர் கோயிலின் உயர்ந்த மதில்கள் படைகளுக்கு அரணாயின. 1781 ஜூன் மாதம் அது ஹைதர் அலியின் படையினர் வசமிருந்தது. அதனைக் கைப்பற்ற அயர் கூட் மேற்கொண்ட தாக்குதல் தோற்றது. அடுத்து ஜூலை 1ஆம் நாள் பறங்கிப்பேட்டைப் போர் நிகழ்ந்தது. சிதம்பரத்தில் வழிபாட்டுக்கெனக் கட்டப்பட்ட மதில், கட்டியோர் எண்ணாத வகையில் கோட்டையாயிற்று. சென்னையில் கட்டியோரே போரை எண்ணிக் கட்டினர். இவ்வேறுபாடு முக்கியமானது. புனித மரியாள் ஆலயம் முற்றுகைக் காலங்களில் தங்குமிடமாகவும் களஞ்சியமாகவும் பயன்பட்டது அதன் இயல்புக்கு மாறானதன்று. வடிவமைப்பிலேயே அடங்கியிருந்த பயன்.

பதிவேடும் பங்கும்

ஊரில்லாத இடத்தில் ஊர்த் தேவாலயம் எதற்கு என்ற வினா எழலாம். கோட்டைக் குடியிருப்பே அதன் ஊராயிற்று. ஆலயக் கண்காணிப்பாளர் தேர்வு, ஏழையர் நிதி, பள்ளி ஆகியவை இங்கிலாந்துப் பங்கின் வழக்கப்படி நடந்தன. 1715இல் குரு வில்லியம் ஸ்டீவன்சன் காலத்தில் புனித மரியாள் அறப்பள்ளி தோன்றியது.

1680 முதல் தொடரும் பதிவேடு இவ்வாலயத்தின் பெருஞ்செல்வம். அதே ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் எலிஹு யேல், ஜோசப் ஹின்மர்ஸின் கைம்பெண்ணாகிய கேத்தரினை மணந்தது தொடக்கக் காலப் பதிவுகளுள் ஒன்று. 1753 பிப்ரவரி 18ஆம் நாள் இராபர்ட் கிளைவுக்கும் மார்கரெட் மாஸ்கலினுக்கும் நடந்த திருமணம் பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. அதனை நடத்திவைத்தவர் ஜெர்மானிய மறைப்பணியாளர் ஃபப்ரிசியஸ் என்பது தமிழாய்வாளர் கருத்தில் கொள்ளத்தக்கது. விவிலியத்தைத் தமிழாக்கி, 1779இல் தமிழ்–ஆங்கில அகராதியை வேப்பேரியில் அச்சேற்றிய அதே ஃபப்ரிசியஸ்தான் அவர்.

பெயர்பெற்ற திருமணங்களைவிடப் பெயரறியாப் படைவீரர்களின் பதிவுகள் சமூக வரலாற்றுக்கு மிகுதியும் பயன்படும். படைவீரர் இந்நாட்டுப் பெண்களை மணப்பதை 1687இல் கம்பெனி இயக்குநர்கள் ஊக்குவித்தனர். அம்மணத்தில் பிறக்கும் குழந்தை ஞானஸ்நானம் பெறும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் அளிக்கலாம் என்றனர். மனைவியர் பலர் போர்த்துகீசிய வழியினர், கத்தோலிக்கர். ஆகவே குழந்தை எந்தத் தொட்டியில் ஞானஸ்நானம் பெறுகிறது என்பது பக்தியைச் சார்ந்த வினா மட்டுமன்று. கோட்டையின் நாளைய படைவீரன் எவர்பால் நிற்பான் என்ற வினாவும் ஆகும். பல்லாவரத்துக் கருங்கல் தொட்டியை அழகுப் பொருளாக மட்டும் விவரிக்கும் வழிகாட்டி நூல்கள் இதனைத் தவறவிடுகின்றன.

கடலூரில் கைமாறிய ஆலயம்

அவ்வினா கடலூரில் வெளிப்படையாக எழுந்தது. 1717இல் சீகன்பால்கு கடலூரில் பள்ளி ஏற்படுத்தியதிலிருந்தே சீர்திருத்தச் சபையின் பணி இங்கு அறிமுகமாகியிருந்தது. 1740இல் சுவீடனில் பிறந்த கீர்னாண்டர், இலண்டன் கிறித்தவ அறிவுப் பரப்புச் சங்கத்தின் சார்பில் கடலூர் வந்தார். சென்னை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த ஆண்டுகளில், கத்தோலிக்கக் குருமார் பிரெஞ்சுக்காரருக்கு உதவினர் என்ற ஐயம் கம்பெனியாரிடம் வலுத்தது. அதன் விளைவாகக் கடலூரில் கத்தோலிக்கரின் ஆலயம் பறிக்கப்பட்டுக் கீர்னாண்டரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1749 நவம்பரில் அது கிறித்து ஆலயம் என்ற பெயரில் அர்ப்பணிக்கப்பட்டது. சென்னையிலும் அக்காலத்தில் கத்தோலிக்கர் கோட்டைக்குள்ளிருந்த தம் ஆலயத்தை இழந்தனர். வேப்பேரியில் ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கானின் ஆலயம் ஃபப்ரிசியஸ் சபையினரிடம் சென்றது.

பதினாறாம் நூற்றாண்டின் மோர்பாத்தையும் பதினெட்டாம் நூற்றாண்டின் கடலூரையும் ஒருங்கு வைத்துக் காணும்போது ஒற்றுமையும் வேற்றுமையும் தெளிவாகின்றன. இரண்டிலும் கட்டடம் நின்றது. சமயப் பிரிவு மாறியது. மாற்றியது அரச அதிகாரம். ஆனால் மோர்பாத்தில் கட்டிய ஊராரே புதிய முறையின் கீழும் அதே கூடத்தில் அமர்ந்தனர். கடலூரில் வழிபட்ட சபையோ வெளியேற்றப்பட்டது. இறையியல் காரணம் எதுவும் தேவைப்படவில்லை, போர்க்காரணம் போதுமானதாயிற்று. கம்பெனியின் சமயக் கொள்கை நடுநிலையானது என்று பொதுவாகக் கூறுவோர் 1749ஆம் ஆண்டின் இந்நிகழ்வுக்கு விடை கூற வேண்டும்.

கீர்னாண்டரின் பணியும் நெடிது நிலைக்கவில்லை. 1758இல் லாலியின் படை கடலூரைக் கைப்பற்றியதும் அவர் தரங்கம்பாடி சென்று, அங்கிருந்து கொல்கத்தாவை அடைந்தார். அங்கு 1770இல் அவர் எழுப்பிய ஆலயம் பழைய மிஷன் ஆலயம் எனப்படுகிறது.

கல்லறைக் கற்களின் இடப்பெயர்ச்சி

தேவனாம்பட்டினம் வீழ்ந்த அதே ஆண்டின் இறுதியில் லாலி சென்னையை முற்றுகையிட்டார். முற்றுகை 1759 பிப்ரவரியில் விலகியது. கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக் கல்லூரி வளாகம் அமைந்த இடத்தில், ஆங்கிலேயரின் பழைய இடுகாடு இருந்தது. அங்கிருந்த உயர்ந்த கல்லறை மாடங்கள் பிரெஞ்சு வீரருக்கு மறைவிடமாகப் பயன்பட்டன. அந்த அனுபவத்திற்குப் பின் அவை தகர்க்கப்பட்டன. பெயர் பொறித்த கற்கள் மட்டும் கோட்டைக்குள் கொண்டுவரப்பட்டுப் புனித மரியாள் ஆலயத்தைச் சுற்றித் தரையில் பதிக்கப்பட்டன.

இங்கிலாந்து ஊர்த் தேவாலயத்தில் கோயிலும் இடுகாடும் ஒன்றையொன்று பிரியாதவை. நூற்றாண்டுதோறும் புதைத்ததால் கோயிலைச் சுற்றிய நிலமே உயர்ந்துவிட்ட ஊர்கள் பல. சென்னையில் அவ்வுறவு தலைகீழாயிற்று. உடல்கள் ஓரிடத்திலும் கற்கள் வேறிடத்திலும் உள்ளன. ஆலய முற்றத்தில் இலத்தீன், போர்த்துகீசியம், ஆர்மீனியம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் எழுத்துகளைக் காண்பவர், இவர்கள் அனைவரும் இங்கு அடக்கமானவர்கள் என எண்ணுவது இயல்பு. அவ்வாறு எண்ணிக் காலக்கணிப்புச் செய்வது பிழையாகும். 1652ஆம் ஆண்டுக்குரிய எலிசபெத் பேக்கரின் கல் அங்குள்ளது; ஆலயம் எழுந்ததோ அதற்கு ஒரு தலைமுறைக்குப் பின்.

இடம்பெயராமல் பழைய இடுகாட்டிலேயே நின்றவற்றுள் ஒன்று, ஜோசப் ஹின்மர்ஸும் யேலின் சிறு மகன் டேவிட்டும் அடக்கம் செய்யப்பட்ட நினைவுத்தூண். காக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்ட அது, பின்னாளில் உயர் நீதிமன்ற வளாகத்தின் கட்டடங்களுக்கிடையே அமைந்துவிட்டது. வாகன நிறுத்தத்திற்கு இடையூறு என்ற காரணத்தால் அதனை வேறிடத்திற்கு மாற்றுவது பற்றிய வழக்கு 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது. 1759இல் பீரங்கிக்கு வழிவிடக் கற்கள் பெயர்ந்தன. இம்முறை கேட்கப்பட்டது வாகனங்களுக்கான இடம். தூணுக்கும் ஆலயத்திற்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறைவு. ஆயினும் அக்காலத்து இடுகாடு எங்கிருந்தது என்பதற்குத் தரையின் மேல் நிற்கும் சான்றுகளுள் அது ஒன்று.